ஓவர்டைமுக்கு வரி இல்லை என்று யாராவது சொன்னால்

அமெரிக்காவில் "இனி ஓவர்டைமுக்கு வரியே கிடையாது" என்ற பேச்சை நம்பி, வாங்கிய ஓவர்டைம் முழுவதையும் வருமானத்தில் கழித்து ரிட்டர்ன் போட்டவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட், கிடங்கில் சுமை தூக்கும் வேலை, மோட்டலில் அறை சுத்தம் என்று உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தவர்கள். அரைகுறையாகச் சொல்லி இவர்களைச் சிக்கவைத்தவர்கள் யாரும் அபராதம் கட்டப்போவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓவர்டைமில் ஒரு பகுதியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கவிடும் சட்டம் இது, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தானது. 2025 முதல் 2028 வரை பெறும் ஓவர்டைமுக்கு மட்டும். பின்னணி இவ்வளவு போதும்.

கழிக்க முடிவது முழு ஓவர்டைம் அல்ல, ஒன்றரை மடங்கில் அந்த "அரை" மட்டும். மணிக்கு 20 டாலர் சம்பளம், ஓவர்டைமுக்கு 30 என்றால், கழிவு மணிக்கு 10 டாலர்தான். வருடத்துக்கு 9,000 டாலர் ஓவர்டைம் வாங்கியவர் 3,000 கழிக்கலாம். அவர் 12 சதவீத வரி அடுக்கில் இருந்தால் கையில் மிஞ்சுவது 360 டாலர். உச்சவரம்பு 12,500 டாலர். தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 25,000. வருமானம் ஒன்றரை லட்சம் டாலரை, தம்பதிக்கு மூன்று லட்சத்தைத் தாண்டினால் கழிவு குறைந்துகொண்டே வரும். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தம் வழக்கம்போல உண்டு. மாநில வரியும் தனி. கலிபோர்னியாவில் இந்தக் கழிவு செல்லாது.

அதிகம் பேர் விழும் குழி அடுத்தது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் கூடுதல் கூலி தரவேண்டும் என்று மத்தியத் தொழிலாளர் சட்டம் சொல்கிறதே, அதன்படி வரும் ஓவர்டைம் மட்டுமே கணக்கில் சேரும். ஒரே நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டியதற்கு மாநிலச் சட்டம் தருவதும், விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்குக் கம்பெனி தன் விருப்பத்தில் தரும் இரட்டைச் சம்பளமும் அதில் வராது. மாதச் சம்பள ஐடி ஊழியர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் ஓவர்டைம் விதிக்கே வெளியே இருப்பவர்கள். வார இறுதி வேலைக்குக் கூடுதலாக வந்த பணத்தை அவர்கள் இதில் காட்டக் கூடாது.

திருமணமானவர்கள் சேர்ந்தே தாக்கல் செய்யவேண்டும். தனித்தனியாகப் போட்டால் ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாது. உழைத்தவருக்கு, வேலை செய்ய அனுமதி தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கவேண்டும். அந்த எண் கிடைக்காதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடிஐஎன் எண் போதாது.

சரி, அந்த "அரை" எவ்வளவு என்று எங்கே பார்ப்பது? 2025க்கான டபிள்யூ-2 படிவத்தில் (முதலாளி வருடாவருடம் தரும் சம்பளக் கணக்கு) அதைத் தனியாகக் காட்டும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. கம்பெனியின் சம்பளப் பிரிவான பே ரோலில் கேட்டால் "வரிக்காரரிடம் கேளுங்கள்" என்பார்கள். வரிக்காரர் "பே ரோலில் கேளுங்கள்" என்பார். சட்டத்தைப் போட்டுவிட்டுக் கணக்கைத் தொழிலாளி தலையில் கட்டியது எந்த நியாயம்? இந்த அலைச்சலே வேண்டாம். பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், ஒன்றரை மடங்கு ஓவர்டைம் மொத்தமாக இருந்தால் அதை மூன்றால் வகுக்கலாம் என்று மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸே சொல்லியிருக்கிறது. வருடத்தின் கடைசி பே ஸ்டப்பைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். வேலையை விட்டதும் கம்பெனி போர்ட்டல் மூடிக்கொள்ளும், முன்பே இறக்கிவிடுங்கள். 2026 வருமானத்திலிருந்து டபிள்யூ-2வின் 12ஆம் கட்டத்தில் டிடி (TT) என்ற குறியீட்டோடு தொகை வரும். அதையும் பே ஸ்டப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"பெரிய ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் எனக்கு" என்பவரிடம் போகாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்னில் தன் கையெழுத்தும் பதிவு எண்ணும் போடாதவர் நாளைக்கு உங்களுக்காக வரமாட்டார். தப்பு அவருடையதாக இருந்தாலும் வரி, வட்டி, அபராதம் உங்கள் பெயரில்தான். குறைந்த வருமானக்காரர்களுக்கு தன்னார்வலர்கள் உதவும் விட்டா (VITA) மையங்களில் இலவசமாகவே போட்டுத் தருகிறார்கள்.

ஐஆர்எஸ் கடிதம் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். குறிப்பாக 90 நாள் கெடு போட்ட கடிதம். அதற்குள் வரி நீதிமன்றத்தில் மனு போடவேண்டும். போனில் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு ஒரு நாளும் நீளாது. 2025இல் ஊழியர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்த அலுவலகம் அது. யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தே நாள் போய்விடும். பதிலைச் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் குறைந்த வருமான வரிதாரர்களுக்கான கிளினிக்குகளில் கேளுங்கள்.

ஏற்கெனவே முழு ஓவர்டைமையும் கழித்துப் போட்டிருந்தால், கடிதம் வரும்வரை காத்திருக்காமல் 1040-எக்ஸ் படிவத்தில் நீங்களே திருத்துங்கள்.