மிச்சக் காயைத் தூக்கி எறியாதீர்கள்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி அனுப்பியிருந்தாள். "சாரே, மூணு பிள்ளையள். சத்தி (வாந்தி) நிக்கல்ல. வேலியில நிக்கிற ஏதோ காயைப் பொட்டிச்சுத் தின்னிருக்குதுவ. கடலை மாதிரி ருசியாம். இது என்ன காய்னு பாத்துச் சொல்லுங்க."

படத்தில் இருந்தது ஒரு பையனின் சட்டைப்பையிலிருந்து எடுத்த காய்ந்த ஓடு. மூன்று பிளவாக விரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு விதை. மூன்று அறை உள்ள வெடிகனியைப் பார்த்தால் எனக்கு முதலில் ஆமணக்குக் குடும்பம்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் அந்தக் குடும்பத்தில் அதிகம் நிற்பது ரப்பர். ரப்பர் காய் வெயிலில் படாரென்று வெடித்து விதையைத் தூர வீசும். ஆனால் ரப்பர் விதை பெரிது, பழுப்பு நிறத்தில் புள்ளியும் கோடுமாக இருக்கும். ஆமணக்கு விதையிலும் கோலம் போட்டதுபோல வரிகள் உண்டு. அதன் காய் மேல் முள் இருக்கும். இந்த விதையோ கறுப்பு, ஓட்டில் முள் இல்லை. காட்டாமணக்காக இருக்கலாம் என்று தோன்றியது. உறுதி செய்ய ஒரு கொப்பு ஒடித்து வரச் சொன்னேன். பிள்ளைகளின் மாமா ஓடிப்போய் ஒடித்து வந்தார். ஒடித்த இடத்தில் நீர்த்த பால் வடிந்து நுரைத்தது. பிள்ளைகள் ஊதிக் குமிழி விடுவார்களே, அதே பால். குமிழி விடப் போன இடத்தில்தான் காயையும் உடைத்திருக்கிறார்கள்.

பெயர் தெரிந்ததும் டாக்டருக்கு எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பையன் ஓட்டைச் சட்டைப்பையில் போட்டு வைத்திருக்காவிட்டால் நான் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

சரி, ஒரு ஓட்டைப் பார்த்து எப்படிச் சொல்வது? கனி என்பது பூவின் சூலகம், அதாவது விதை உருவாகும் பகுதி, முதிர்ந்து வந்த உருவம். பூவில் எத்தனை அறை இருந்ததோ, இதழ் எந்தப் பக்கம் இருந்ததோ, அதன் தடம் பெரும்பாலும் காயிலும் இருக்கும். கடையில் இருந்து வந்த பையிலேயே இதைப் பார்த்துவிடலாம். கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி காம்புப் பக்கம் இருக்கிறது. கொய்யாவிலும் மாதுளையிலும் அதே புல்லிவட்டம் காம்புக்கு எதிர்ப்பக்கம், கிரீடம்போல நிற்கிறது. கத்தரிப் பூவில் சூலகம் புல்லிவட்டத்துக்கு மேலே. கொய்யாப் பூவில் கீழே. வாழைப்பழத்தின் கறுத்த நுனியும் பூ உதிர்ந்த தடம்தான். மங்குஸ்தான் கிடைத்தால் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சின்னப் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அது பழைய சூல்முடி, பூவில் மகரந்தம் வந்து ஒட்டும் நுனி. அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. என் வகுப்பில் முதல் நாள் இதைத்தான் காட்டுவேன். எண்ணிவிட்டு உடைத்துப் பார்க்கும் பிள்ளைகள் அப்புறம் எந்தப் பழத்தையும் சும்மா தின்பதில்லை.

ஒரு பூவின் ஒரே சூலகத்திலிருந்து வந்தால் தனிக்கனி. ஒரே பூவில் பல தனித்தனிச் சூலகங்கள் சேர்ந்து வந்தால் திரள்கனி, சீத்தாப்பழம் அப்படி. ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து ஒரே பழமாகிவிட்டால் கூட்டுக்கனி. பலாப்பழத்தில் ஒவ்வொரு சுளையும் ஒரு பெண் பூ. நாம் தின்பது அந்தப் பூவின் இதழ்ப்பகுதி. கருவுறாத பூக்கள்தான் சுளைகளுக்கு நடுவே நாராகக் கிடக்கின்றன.

இங்கே எங்கள் ஊர் வழக்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பலாவைச் சக்கை என்கிறோம். காட்டில் நிற்கும் அதன் தம்பி அயினிச்சக்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரப்பலா கடச்சக்கை, அன்னாசி கைதச்சக்கை, சீத்தாப்பழ வகை ஆத்தச்சக்கை. அன்னாசிக்கும் பலாவுக்கும் உறவே இல்லை. ஆனாலும் முதல் நான்கும் கூட்டுக்கனிகள், கடைசி ஒன்று திரள்கனி. பலவும் சேர்ந்து ஒன்றான பழத்தை நம் ஆட்கள் கண்ணால் பார்த்தே ஒரே பெயரில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் மேல்தோற்றம் காலை வாரும் இடமும் இதே மண்ணில் உண்டு. கழிக்கரையிலும் கால்வாய்க் கரையிலும் ஒதளம் நிற்கும். காட்டரளி என்றும் சொல்வார்கள். அதன் காய் பச்சையாக, உருண்டு, அசல் மாங்காய்போல இருக்கும். மாங்காய், தேங்காய், ஒதளங்காய் மூன்றும் ஒரே கனிவகைதான்: வெளித்தோல், நடுவே சதை அல்லது நார், உள்ளே கெட்டி ஓடு. மாங்காயில் நடுவுறையைத் தின்கிறோம். தேங்காயில் அதே நடுவுறை கதம்பை, உள்ளுறை சிரட்டை. ஒதளத்திலும் நடுவுறை நார்தான், அதனால்தான் காய் தண்ணீரில் மிதந்து போகும். உள்ளே இருக்கும் பருப்பு இதயத் துடிப்பைக் குலைக்கும் விஷம். ஆகவே கனிவகை மட்டும் தெரிந்தால் தின்னலாமா கூடாதா என்று சொல்லிவிட முடியாது. செடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒதளத்தின் இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கொட்டும், பூ மஞ்சள் கண் வைத்த வெள்ளை. மாவிலையைக் கசக்கினால் மாங்காய் மணம் வரும், வெள்ளைப் பால் வராது.

யோசப் கேர்ட்னர் என்ற ஜெர்மானியர் கனிகளையும் விதைகளையும் அறுத்துப் பார்த்து வகைப்படுத்துவதையே தன் வேலையாக வைத்திருந்தவர். 1791இல் இந்த மரத்துக்கு அவர் வைத்த பெயர் செர்பெரா ஒடொல்லம். செர்பெரா என்ற முற்பகுதி, கிரேக்கக் கதையில் பாதாள வாசலைக் காக்கும் நாயின் பெயரிலிருந்து வந்தது. ஒடொல்லம், நம் ஒதளம்தான். 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த மலபார்த் தாவர நூல் வழியாக அந்தச் சொல் அங்கே போய்ச் சேர்ந்தது.

எட்டியும் இப்படித்தான் ஏமாற்றும். அந்தப் பக்கம் காஞ்சிரம். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று வாயால் சொல்கிறோம். ஆனால் பழுத்த எட்டியை நேரில் பார்த்த இளையவர்கள் குறைவு. சின்ன ஆரஞ்சுபோல அத்தனை அழகாக இருக்கும். நகத்தால் தோலைக் கீறுங்கள். ஆரஞ்சு என்றால் எண்ணெய் பீச்சி மணக்கும். எட்டியின் தோல் ஓடுபோலக் கெட்டி, அந்த மணம் கிடையாது. உள்ளே ஆரஞ்சுச் சுளை இருக்காது, கொழகொழத்த சதையில் சட்டைப் பொத்தான்போலத் தட்டையான விதைகள் இருக்கும். இலைகள் எதிரெதிராக நிற்கும், அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்பு ஓடும். "கிளி கொத்துது, அப்ப நாமளும் தின்னலாம்" என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். இருவாச்சிப் பறவைகள் எட்டிப் பழத்தையே தின்கின்றன.

கொல்லாம்பழத்தையும், அதாவது முந்திரிப் பழத்தையும், சொல்லிவிடுகிறேன். நாம் பழம் என்று கடிப்பது பருத்த பூக்காம்பு. அசல் கனி அதன் நுனியில் தொங்கும் கொட்டை. அதன் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்கும். சுடாத கொட்டையைப் பிள்ளைகள் பல்லால் கடித்து உதடு வெந்து வருவதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். கொல்லாவும் மாவும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு முகம் தடிக்கிறவர்கள் கொட்டை உடைக்கும்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

யாராவது தெரியாத காயைத் தின்றுவிட்டால், உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள், எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம், சில விஷங்கள் மணிக்கணக்கில் கழித்துத்தான் வேலையைக் காட்டும். கடித்துப் போட்ட மிச்சம், தோல், விதை, இலையோடு ஒரு கொப்பு, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். படம் அனுப்புவதானால் காயை ஒரு முறை குறுக்காகவும் ஒரு முறை நெடுக்காகவும் கத்தியால் வெட்டி அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். வெட்டிய பிறகு கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ருசி பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரப்பர் காய், ஆமணக்கு, காட்டாமணக்கு மூன்றையும் மேசையில் வைத்தேன். வாந்தி எடுத்த மூவரில் சின்னவள், ஆறு வயது இருக்கும், முன்னால் வந்து தொடாமல் குனிந்து பார்த்தாள். விரலைக் காற்றில் வைத்து எண்ணினாள். "இதுலயும் மூணு, இதுலயும் மூணு, இதுலயும் மூணு." அப்புறம் பையிலிருந்து ஒரு நெல்லிக்காயை எடுத்து, "இதுல ஆறு வரி இருக்கே, இது என்ன?" என்று கேட்டாள். நெல்லிக்குள்ளும் மூன்று அறைதான், அறைக்கு இரண்டு விதை. வெட்டிக் காட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. மறுபடி போக வேண்டும்.