நனையாத மகரந்தம்

"மகரந்தம் நனைந்தால் வீணாகிவிடும் என்கிறார்கள். வாலிஸ்நேரியாவில் மட்டும் தண்ணீர் அதை எப்படிச் சுமந்துபோகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ‘நீர்வழி மகரந்தச்சேர்க்கைக்கு எடுத்துக்காட்டு’ என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் கடந்துவிடுவதால் வரும் குழப்பம் இது. உண்மையில் இந்தச் செடியின் மகரந்தம் தண்ணீரைத் தொடுவதே இல்லை.

வாலிஸ்நேரியா ஸ்பைராலிஸ் குளத்தின் அடிச்சேற்றில் வேரூன்றி, நாடா இலைகளை நீருக்குள்ளேயே வளர்க்கும் செடி. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடி நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூவை நீர்மட்டத்துக்கு அனுப்புகிறது. ஆண் செடியின் அடியில் ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கான மொட்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். உறை பிளந்ததும் அவை காம்பறுந்து, உள்ளே அடைபட்ட காற்றின் மிதப்பில் மேலேறி மலர்கின்றன.

மேலே வந்த ஆண் பூவின் மூன்று புல்லிதழ்களும் பின்னோக்கி மடங்கிக் கால்களாகின்றன. இரண்டு மகரந்தத்தாள்கள் நீருக்கு மேலே தூக்கி நிற்கின்றன. கால்களை நீர் நனைக்காது. பரப்பு இழுவிசை காரணமாக நீர்ப்பரப்பு கிழியாமல் சற்றே அமுங்கிப் பூவைத் தாங்குகிறது. இளங்காற்று போதும், பூ வழுக்கிக்கொண்டு ஓடும்.

பெண் பூவும் நனையாது. ஆனால் காம்பு அதைக் கீழே பிடித்திருப்பதால் அது மட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. சுற்றிலும் நீர்ப்பரப்பு வளைந்து ஒரு பள்ளமாகிறது. பக்கத்தில் வந்த ஆண் பூ அந்தச் சரிவில் சறுக்குகிறது. இரு பூக்களும் பரப்பை அமுக்குவதால், நெருங்க நெருங்க இழுப்பு கூடுகிறது. உள்ளே விழும் வேகத்தில் மகரந்தத்தாள் சூலகமுடியில் மோத, பிசுபிசுப்பான மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அலை வந்து முழுக்கினாலும் கெடுதல் இல்லை. பள்ளத்தின் வாய் மூடி, பூக்களைப் பொதிந்த ஒரு காற்றுக்குமிழியாகிவிடுகிறது. அதற்குள் ஆண் பூ கவிழ்ந்தாலும் மகரந்தம் சூலகமுடி மேல்தான் விழும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது!

பிறகு காம்பு சுருண்டு பூவைக் கீழே இழுக்க, கனி நீருக்கடியில் முதிர்கிறது.

வேகமான ஓட்டம் ஆண் பூக்களை அடித்துச் சென்றுவிடும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் அவை ஓட இடமே இருக்காது. சோப்புக் கழிவு இன்னும் மோசம்: 25 டிகிரி செல்சியஸில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்; சோப்பு அதைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கக்கூடியது. அப்போது கால்கள் நனையும், பூ மூழ்கும். நீர்நிலைகளைச் சோதிக்கும்போது ஆக்சிஜன், அமிலத்தன்மையோடு பரப்பு இழுவிசையையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இத்தகைய எளிய கள ஆய்வுகளுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.

மீன்தொட்டியில் வளர்ப்பவர்கள் விதை வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரே செடியின் ஓடுதண்டிலிருந்து வந்த கன்றுகள் எல்லாம் ஒரே பால். இரு பாலையும் சேர்த்து நட்டு, பூக்கும் நாட்களில் காற்றுப் பம்பை ஓரிரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து விளக்கடித்தால், பெண் பூவைச் சுற்றியுள்ள பள்ளத்தின் நிழல் தொட்டியின் அடியில் விழும். பள்ளம் எவ்வளவு அகலம் என்பதை அதை வைத்தே மதிப்பிடலாம்.