ஒரே வயல்வெளியில் இத்தனை வௌவால்கள் எப்படிப் பிழைக்கின்றன?

மட்டக்களப்பின் படுவான்கரையில் பொழுதுபட்டதும் வயலுக்கு மேலே வௌவால்கள் கிளம்பிவிடும். இலங்கையில் சுமார் 30 வகை வௌவால்கள் உண்டு. அவற்றில் பல ஒரே ஊரில், ஒரே இரவில் இரை தேடுகின்றன. சாப்பாட்டுக்கு அடிபிடி வராதா? பெரும்பாலும் வராது. எது எங்கே, எதைப் பிடிக்கலாம் என்பதைச் சிறகும் குரலும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. பூச்சி பிடிக்கும் வௌவால்கள் குரல் எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டுத்தான் இரையைக் கண்டுபிடிக்கும்.

பாறை இடுக்குகளில் தங்கும் டஃபோசஸ் வௌவாலின் சிறகு நீண்டு ஒடுங்கியது. வேகமாகப் பறக்கும், சட்டென்று திரும்ப முடியாது. அதனால் மரங்களுக்கு மேலே வெட்டவெளியில்தான் அதற்கு வேட்டை. அதன் குரல் 30 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் தூரம் போகும். ஆனால் அலைநீளம் 11 மில்லிமீற்றர். அதைவிட மிகச் சிறிய பூச்சியிலிருந்து எதிரொலி சரியாக வராது.

சின்ன இலைமூக்கு வௌவால் இதற்கு நேர்மாறு. அகலமான, குட்டையான சிறகோடு புதர்களுக்கிடையில் வளைந்து வளைந்து பறக்கும். மூக்கால் எழுப்பும் ஒலி 130 கிலோ ஹெர்ட்ஸை நெருங்கும். அந்த ஒலி சில மீற்றருக்குள் அடங்கிவிடும், ஆனால் நுளம்பளவு பூச்சியையும் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வசதியும் உண்டு. அந்துப்பூச்சிகள் பலவற்றுக்குக் காது இருக்கிறது. அது 20 முதல் 50 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் நன்றாகக் கேட்கும். இலைமூக்கன் கிட்டே வரும்வரை பூச்சிக்குத் தெரியாது!

பெரிய காதுள்ள மெகாடெர்மா வௌவால் அவ்வளவாகக் கத்துவதேயில்லை. சருகில் தவளையோ எலியோ அசையும் சரசரப்பைக் கேட்டே பிடித்துவிடும். அது தங்கும் பழைய கட்டடத்துக்குள் போனால் தரையில் தவளைக்காலும் பூச்சிச் சிறகும் கிடக்கும்.

பழந்தின்னிகளில் பெரிய வௌவாலுக்கு எதிரொலி வித்தையே கிடையாது, கண்ணும் மூக்கும்தான். இலுப்பை பழுத்தால் பெரியதும் வரும், 50 கிராம்கூடத் தேறாத சிறியதும் வரும். பெரியது அந்த மரத்திலேயே தொங்கித் தின்னும். சிறியது ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்விடும். அந்த மரத்தடியில் சாற்றை உறிஞ்சித் துப்பிய சக்கையும் விதையும் சிதறிக் கிடப்பதைக் காலையில் பார்க்கலாம்.

மழைக்கு ஈசல் கிளம்பினால் இந்தப் பங்கீடெல்லாம் தளர்ந்துவிடும், பூச்சியுண்ணிகள் எல்லாமே ஈசலைத்தான் தின்னும். பஞ்சகாலத்தில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஒரு பழைய கட்டடத்தையோ இலுப்பையையோ இழக்கும்போது எனக்குக் கவலை வருவது இதனால்தான். மெகாடெர்மா போய்விட்டால் டஃபோசஸ் கீழே இறங்கி வந்து எலி பிடிக்கப் போவதில்லை.