மடுவத்துத் தராசும் கோலார்த் தங்கமும்

தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் அம்மாவின் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடி நிற்கும். நின்ற எண் அப்படியே கணக்கில் ஏறாது. சாக்குக்கு ஒரு கழிவு, மழை ஈரத்துக்கு ஒரு கழிவு. எந்தக் கணக்கில் கழித்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

பூமியை நிறுப்பவர்களும் கழிக்கிறார்கள். ஆனால் காரணம் காட்டிக் கழிக்கிறார்கள்.

நிலத்தடிப் பாறையை அறியப் பூமியின் ஈர்ப்பை அளக்கும் கருவி ஈர்ப்புமானி. அதற்குள் இருப்பதும் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு சிறு பளுதான். காலடியில் கனத்த பாறை இருந்தால் பளு இம்மியளவு கூடுதலாக இழுபடும். அந்த இம்மியை அளக்கும் அலகு மில்லிகால் (கலிலியோவின் பெயரிலிருந்து வந்த 'கால்', நாலில் ஒரு பங்கு அல்ல). பூமியின் மொத்த ஈர்ப்பு ஏறத்தாழ 9,80,000 மில்லிகால். சுற்றுப் பாறையைவிடக் கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் கனத்த பாறை 1 கிலோமீட்டர் தடிப்பில் பரந்து கிடந்தால், அது சேர்ப்பது 12 மில்லிகால் சொச்சம். 20 கிலோ கொழுந்தில் இது 0.25 கிராம்தான்!

உயரம் இதையெல்லாம் விழுங்கிவிடும். ஒரு மீட்டர் ஏறினால் 0.3086 மில்லிகால் குறைகிறது. கடற்கரையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 1,870 மீட்டர் ஏறினால் 577 குறைய வேண்டும். கடல்மட்டம் வரை அடியில் கிடக்கும் பாறை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பித் தந்துவிடும். ஆகவே நின்ற இடத்தின் உயரத்தில் ஒரு மீட்டர் தப்பினாலும் விடையில் 0.2 மில்லிகால் பிழை.

எனக்கு மிகவும் பிடித்தது நில அமைப்புத் திருத்தம். பக்கத்து மலை பளுவை மேல்நோக்கி இழுப்பதால் அளவு குறைகிறது. சரி, எதிரே பள்ளத்தாக்கு இருந்தால்? அங்கே இருந்திருக்க வேண்டிய பாறை இல்லை, அதனாலும் குறைகிறது. மலைக்கும் கூட்ட வேண்டும், பள்ளத்துக்கும் கூட்ட வேண்டும். கூட்டுவதை மட்டுமே அறிந்த திருத்தத்தை மடுவத்தில் நான் கண்டதில்லை.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதே பாறையின் சேதி. இலங்கையில் நம் மலைகள் சார்னோக்கைட், குவார்ட்சைட், பளிங்கு என ஆழத்தில் வெந்து உருமாறியவை. பழந்தங்கம் எப்படிப்பட்ட பாறையில் படுத்திருக்கும் என்று பார்க்கக் கர்நாடகத்துக் கோலாருக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் இங்கே வந்த காலத்தில் வேறு பலர் கோலாரின் தங்கச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன அது 2001இல் மூடப்பட்டது.

தங்கம் கிடக்கும் கோலார்ப் பாறைப் பட்டை ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழையது. எரிமலைக் குழம்பு உறைந்து உருமாறிய கரும்பாறை அது. அடர்த்தி 3ஐ ஒட்டியது. சுற்றிலும் 2.7ஐ ஒட்டிய கிரானைட் வகைகள். மேலே சொன்ன அதே 0.3 வித்தியாசம்! பட்டைக்குக் குறுக்கே நடந்து அளந்தால் ஈர்ப்புக் கோடு மேடாக எழும்பும். மேட்டின் வடிவிலிருந்து பட்டை எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணிக்கலாம்.

தங்கத்தை மட்டும் ஈர்ப்புமானி பார்ப்பதே இல்லை. டன்னுக்குச் சில கிராம் தங்கம் பளுவை அசைக்காது. அது தெரிவிப்பது தங்கம் படுத்திருக்கும் வீட்டை. அதிலும் ஒரு சிக்கல்: குறுகலாக ஆழத்தில் கிடக்கும் பாறையும் அகலமாக மேலாகக் கிடக்கும் பாறையும் ஒரே மேட்டைக் காட்டக்கூடும். பாறைத் துண்டை நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்காமல், மேலே தெரியும் பாறை எல்லையை நடந்து குறிக்காமல் இதைப் பிரித்தறிய முடியாது.

பிறகு துளையிடும் இயந்திரம் வரும். அது மேட்டின் உச்சியைத் தேடிப் போக வேண்டியதில்லை. கோடு சடாரென்று சரியும் இடத்தில் இரண்டு பாறைகள் உரசி நொறுங்கிய பிளவு இருக்கலாம். ஒரு காலத்தில் சுடுநீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு ஏறிய வழிகள் அத்தகைய பிளவுகள்தான்.