கை வேலை செய்தால் மனம் ஏன் நிறைகிறது?

அறுந்துபோன பொத்தானை நாமே தைத்து முடித்ததும் ஒரு நிறைவு வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? புதுச் சட்டை வாங்கினாலும் சந்தோஷம்தான், ஆனால் அது வேறு ரகம். பொத்தான் தைப்பதில் பெரிய லாபம் எதுவும் இல்லை, பாராட்ட ஆளும் இல்லை. இருந்தும் தைத்த இடத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் தடவிப் பார்க்கிறோம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை, விரலுக்கும் மூளைக்கும் நடுவே என்ன ஓடுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விரலிலிருந்தே தொடங்கலாம். பொத்தான் தைக்கும்போது ஊசி துணிக்கு அடியிலிருந்து மேலே வர வேண்டும், எந்த இடத்தில் வரப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அடியில் இருக்கும் கை ஊசியைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்த்தி முட்டிப் பார்க்கும். பொத்தானின் கெட்டியான பகுதியில் இடித்தால் 'டக்' என்று நிற்கும், துளைக்கு நேராக வந்துவிட்டால் துணியின் மெல்லிய தடை மட்டும்தான். ஊசி முனையில் நரம்பே கிடையாது, ஆனாலும் அந்த வித்தியாசம் நமக்கு அங்கேயே, முனையிலேயே நடப்பதுபோலத் தெரிகிறது. ஊசி வழியே வரும் நுண்ணிய அதிர்வுகளைத் தோலின் ஆழத்தில் இருக்கும் பசினியன் உணர்விகள் பிடித்துக்கொள்கின்றன, மெர்க்கெல் செல்கள் அழுத்தத்தையும் விளிம்பையும் கவனிக்கின்றன, பிடி லேசாக நழுவினால் மெய்ஸ்னர் உணர்விகள் உடனே சொல்லிவிடுகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான்சன், வால்போ இருவரும் 1979-ல் போட்ட கணக்குப்படி ஒரு கையின் உட்புறத்தில் மட்டும் இப்படிப்பட்ட தொடு உணர்விகள் சுமார் 17,000. அதே ஸ்வீடனில் 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகளைக்கூட மனித விரல் தடவிப் பார்த்தே கண்டுபிடித்தது. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத அளவு அது!

இவ்வளவு செய்தி வந்தால் அதை வாங்கிக்கொள்ள மூளையிலும் இடம் வேண்டும் அல்லவா? மான்ட்ரியல் நகரில் மூளை அறுவை சிகிச்சை செய்துவந்த வைல்டர் பென்ஃபீல்டு, விழிப்போடு இருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, எந்த இடத்தைத் தொட்டால் எந்த உறுப்பு அசைகிறது, எங்கே உணர்வு வருகிறது என்று வரைபடம் போட்டார். 1937-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது, நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த இடத்தைவிடக் கைக்குக் கிடைத்த இடம் பல மடங்கு பெரிது என்பதுதான்.

சரி, இடம் பெரிதாக இருந்தால் மகிழ்ச்சி வந்துவிடுமா? அது போதாது. கை ஒரு வேலையைச் செய்யும்போது மூளை வெறுமனே கட்டளை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பதில்லை, 'இப்படி அசைத்தால் இப்படித்தான் இருக்கும்' என்று முன்கூட்டியே ஒரு கணிப்பும் போட்டுவிடுகிறது, வந்த உணர்வைச் சிறுமூளை அந்தக் கணிப்போடு ஒப்பிடுகிறது, கொஞ்சம் பிசகினால் அடுத்த அசைவைத் திருத்துகிறது. (நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததற்கும் இந்தக் கணிப்புதான் காரணம்.) களிமண் பிசைந்தாலும் காகிதம் மடித்தாலும் இந்தச் சுற்று ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. செய்தது சரியா தப்பா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது, வேறு யாரும் வந்து மதிப்பெண் போட வேண்டியதில்லை.

நம் அன்றாட வாழ்க்கையில் அதிகம் தொலைந்துபோனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாள் முழுக்க உழைக்கிறோம், ஆனால் அந்த உழைப்பு என்ன ஆனது என்று கண்ணால் பார்க்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970-களிலிருந்து ஆராய்ந்த 'ஃப்ளோ' என்ற நிலைக்கு, அதாவது நேரம் போவதே தெரியாமல் ஒரு வேலையில் கரைந்துபோவதற்கு, அவர் முக்கியமாகச் சொன்ன நிபந்தனைகளில் இரண்டு, வேலை நம் திறமைக்கு ஈடான கடினத்தோடு இருக்க வேண்டும், விளைவு உடனுக்குடன் தெரிய வேண்டும். கைவேலையில் இரண்டாவது தானாகவே கிடைத்துவிடும்.

கவனம் ஒரே இடத்தில் நிற்பதற்கே தனி மதிப்பு உண்டு. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2,250 பேரின் போனில் திடீர் திடீரென்று 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா' என்று கேட்டு 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது, அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. இனிமையான விஷயங்களை நினைத்து அலைந்தால்கூட, செய்கிற வேலையில் மனம் இருந்தபோது கிடைத்ததைவிட அதிக மகிழ்ச்சி கிடைக்கவில்லை. ஊசி விரலைக் குத்திவிடும் என்று தெரிந்தால் மனம் எங்கே அலையும்?

அப்புறம், உழைப்பு. நோகாமல் கிடைப்பதுதான் நமக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் 1963-ல் கிளென் ஜென்சன் எலிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் தீனியை இலவசமாக வைத்தபோதும், அவை நெம்புகோலை அழுத்தி உழைத்துத் தின்னப் போயின. புறா உள்படப் பல விலங்குகளில் இதே போக்கைப் பார்த்திருக்கிறார்கள், பூனைதான் விதிவிலக்கு, அது கிண்ணத்தையே தேர்ந்தெடுத்தது. கெல்லி லாம்பர்ட் என்ற நரம்பியலாளர், புதைத்து வைத்த தீனியைத் தோண்டி எடுக்கப் பழகிய எலிகள், சும்மாவே தீனி பெற்ற எலிகளைவிட, புதிதாக ஒரு சிக்கலைக் கொடுத்தபோது அதிக நேரம் விடாமல் முயல்வதைக் கண்டார். 'என் கை அசைந்தால் ஏதாவது மாறும்' என்ற நம்பிக்கையை அந்த எலிகள் தோண்டித் தோண்டியே கற்றிருக்கின்றன என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மனிதர்களிடம் வருவோம். நியூசிலாந்தில் 658 இளைஞர்கள் 13 நாட்கள் நாட்குறிப்பு எழுதினார்கள். பின்னல், சமையல், ஓவியம், பாட்டு என்று ஏதாவது படைப்புவேலை கூடுதலாகச் செய்த நாளுக்கு மறுநாள் அவர்களின் உற்சாகம் கூடியிருந்தது. ஆனால் உற்சாகமாக இருந்ததால் மறுநாள் அதிகம் படைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆகவே 'மனம் நன்றாக இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதில் அர்த்தம் இல்லை. 2016-ல் அமெரிக்காவில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத்துக்கான காகிதம் கொடுத்து 45 நிமிடம் விட்டார்கள், சுமார் முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, அதனால் அதை வைத்துப் பெரிய முடிவு கட்ட மாட்டேன். என்றாலும் கலையில் கைதேர்ந்தவர், புதியவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

செய்த பொருள் சுமாராக இருந்தாலும் நமக்கு ஏன் அழகாகத் தெரிகிறது என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. நார்டன், மோகான், ஏரியலி மூவரும் 2012-ல் வெளியிட்டது. காகிதத்தில் கொக்கும் தவளையும் மடிக்கத் தெரியாதவர்களை மடிக்கவைத்து, அதை வாங்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். மடித்தவர்கள் சராசரியாக அமெரிக்கக் காசில் 23 சென்ட் சொன்னார்கள், அதே கசங்கிய கொக்குக்கு மற்றவர்கள் சொன்னது 5 சென்ட். கைதேர்ந்தவர்கள் மடித்ததற்கே 27 சென்ட்தான்! ஆனால் லெகோ துண்டுகளைக் கட்டிவிட்டுத் திரும்பப் பிரிக்கச் சொன்னபோது இந்தப் பிரியம் காணாமல் போனது, வேலையைப் பாதியில் நிறுத்தியவர்களிடமும் அப்படித்தான். அதனால் முதலில் முழுப் போர்வை பின்ன உட்காராதீர்கள், ஒரு மாலையில் முடிகிற அளவில் ஏதாவது எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்னாலேயே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் பாதி அளவுதான் இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு இப்படி எதுவும் ஆகவில்லை. ஆகவே குழந்தை கிறுக்கிக்கொண்டு இருக்கும்போது பரிசு, போட்டி என்று எதையும் முன்னால் நீட்ட வேண்டாம். வரைந்து முடித்துக் கொண்டுவந்து காட்டினால், இந்த நீலத்தை ஏன் இங்கே வைத்தாய் என்று கேளுங்கள், அது சொல்ல ஆரம்பித்துவிடும்.