சண்டிகரில் முதல் மாடி விலைக்கு வராது

போன வாரம் அலுவலகத்துக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். மேசையில் தடித்த கோப்பு ஒன்றை வைத்து, "பேட்டா, முதல் மாடி எங்களுடையது. சமையலறையை இடித்துக் கொஞ்சம் பெரிதாகக் கட்டணும். வரைபடம் போட்டுக் கொடு" என்றார். கோப்பைப் புரட்டினேன். பதிவுப் பத்திரம், முத்திரைத்தாள், வரி ரசீது எல்லாம் சரியாக இருந்தன. முதல் மாடி மட்டும் எங்குமே இல்லை. பத்திரத்தில் இருந்தது "பிரிக்கப்படாத 30 சதவீதப் பங்கு".

கடைசியில் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை விரித்தோம். வீடு முழுவதற்கும் ஒரே ஒரு சமையலறை, அதுவும் தரைத்தளத்தில். அவர்கள் இரண்டு வருடமாகச் சமைக்கிற இடத்தில் 'பேன்ட்ரி', அதாவது சாமான் வைக்கும் அறை, என்று எழுதியிருந்தது. அந்த அம்மா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. இங்கே கட்டடக் கலைஞராக வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டின் மாடியைத் தனியாக வாங்க முடியாது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. பி.ஜி.ஐ. மருத்துவமனைக்கும் ராணுவத்துக்கும் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்து, ஊர் பிடித்துப்போய் இங்கேயே வீடு தேடும் நம்மவர்களும் இதில் மாட்டுகிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

இது எப்படிப்பட்ட ஊர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1947இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதும் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போனது. சிவாலிக் மலையடிவாரத்தில், மழைக்காலத்தில் ஓடும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே இடம் பார்த்தார்கள். அங்கே இருந்த கிராமங்கள் காலி செய்யப்பட்டன. முதல் திட்டம் ஆல்பர்ட் மேயரும் மாத்யூ நோவிட்ஸ்கியும் போட்டது. 1950இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்துபோக, 1951இல் பொறுப்பு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவிடம் வந்தது. ஊரில் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் 1965 வரை இங்கேயே தங்கி வேலையை நடத்தியவர் அவருடைய உறவினர் பியேர் ழான்னரே. மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, ஊர்மிளா யூலி சௌத்ரி, எம்.என். சர்மா என்று ஒரு பெரிய குழுவே உழைத்திருக்கிறது. 1966இல் பஞ்சாபும் ஹரியானாவும் பிரிந்தபோது இது யூனியன் பிரதேசமாகி, இரண்டு மாநிலங்களுக்கும் தலைநகரானது.

ஊரின் அடிப்படை அலகு செக்டர். அகலம் 800 மீட்டர், நீளம் 1200 மீட்டர். பள்ளிக்கூடம், கடைத்தெரு, மருந்தகம், பூங்கா எல்லாம் உள்ளேயே. வேகமான வண்டிகள் செக்டரைச் சுற்றித்தான் போகும். குழந்தை அந்தச் சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போய்வரலாம். சாலைகளைப் பெருஞ்சாலையிலிருந்து நடைபாதை வரை ஏழு வகையாகப் பிரித்தார்கள். சண்டிகரின் பெருமையாக எல்லோரும் பேசுவது இதைத்தான். பேசட்டும். ஆனால் இது வேலை செய்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு செக்டரில் எத்தனை குடும்பம்? முதல் கட்டமான 1 முதல் 30 வரையுள்ள செக்டர்கள் (13 அப்போது கிடையாது) ஒன்றரை லட்சம் பேருக்கு. அதற்குத் தெற்கே 47 வரை இன்னும் மூன்றரை லட்சம் பேருக்கு. ஆகத் திட்டமிட்டது 5 லட்சம் பேருக்கு. 2011 கணக்கெடுப்பில் யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 10.55 லட்சம். ஒரு குடும்ப வீட்டில் மூன்று குடும்பம் வந்தால் கணக்கு இன்னும் உடையும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "என் பெயரில் பத்திரம் பதிவாகிவிட்டது, அதனால் மாடி என்னுடையது." இதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கிறேன். பதிவானது பங்கு, மாடி இல்லை. 30 சதவீதம் என்றால் அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும், தோட்டத்திலும், மொட்டை மாடியிலும், கீழே இருப்பவரின் சமையலறையிலும் உங்களுக்கு 30 சதவீதம். அதேபோல் நீங்கள் படுக்கிற அறையில் மற்றவர்களுக்கு 70 சதவீதம். 'தரைத்தளம் அவருக்கு, முதல் மாடி உனக்கு' என்று பிரிப்பது தனியாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் மட்டுமே. தரைத்தளத்துக்கு 50, முதல் மாடிக்கு 30, மேல் மாடிக்கு 20 என்று தரகர்கள் சொல்லும் கணக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது.

மனையையோ கட்டடத்தையோ துண்டுபோடக் கூடாது என்று சண்டிகர் மனை, கட்டட விற்பனைக்கான 1960 விதிகளிலேயே இருந்தது. 2001இல் அடுக்குமாடி விதிகளைக் கொண்டுவந்து மாடி மாடியாகப் பிரிக்க வழிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2007 அக்டோபரில் அவற்றை ரத்து செய்தார்கள். முன்வாசல் அடைபட்டதும் பின்வாசலாகப் 'பங்கு' வந்தது. 2023 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அதையும் அடைத்தது. முதல் கட்டச் செக்டர்களில் ஒரு குடும்ப வீட்டை மூன்று அடுக்குமாடி வீடுகளாக்கும் வரைபடங்களுக்கு அனுமதி கூடாது, அப்படிப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் பதிவு செய்யக் கூடாது என்று தீர்ப்பு. அதன்பின் குடும்பத்துக்கு வெளியே பங்கு விற்பதைப் பதிவு செய்வதை நிர்வாகம் நிறுத்தியது. அண்ணன் தம்பி பரம்பரை வீட்டைச் சேர்ந்து வைத்திருப்பதை யாரும் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் கேபிடல் காம்ப்ளெக்ஸ்தானே இருக்கிறது, என் பத்து மர்லா வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள் (மர்லா இங்கே நில அளவு). 2016இல் பட்டியலில் சேர்ந்தது லெ கொர்பூசியே வடிவமைத்த அந்த அரசு வளாகம்தான், சரி. ஆனால் நீதிமன்றம் முதல் கட்டச் செக்டர்களின் பாரம்பரியத் தன்மையையே பாதுகாக்கச் சொன்னது. நீங்கள் வாங்கப்போவது அதில் ஒரு துண்டு.

தொழில்காரராக எனக்கு இதைவிடப் பெரிய பயம் சுவர். பழைய வரிசை வீடுகள் செங்கல் சுவரே பாரம் தாங்கும்படி கட்டியவை. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஒன்பது அங்குலப் பொதுச்சுவர் ஒன்றுதான். நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள மண்டலம் இது. ஒருவர் தன் வீட்டை இடித்துவிட்டுப் பொதுச்சுவரை ஒட்டிப் பாதாள அறைக்குத் தோண்டினார். பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் விரிசலைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். என் சுண்டுவிரல் உள்ளே போனது. அந்தச் சுவரோரம் குழந்தையின் கட்டில் கிடந்தது. அன்றிரவே காலி செய்யச் சொன்னேன்.

வாங்குவதற்கு முன்னால் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். தரகர் கைபேசியில் காட்டும் படம் போதாது. எத்தனை குடியிருப்பு அலகுக்கு அனுமதி, எத்தனை சமையலறை என்று எண்ணுங்கள். மனை, வீட்டு உரிமைகளைக் கவனிக்கும் அரசு அலுவலகமான எஸ்டேட் ஆபீஸில் உரிமை யார் பெயரில், குத்தகை மனையா சொந்த மனையா, விதிமீறல் நோட்டீஸ் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாடி வேண்டுமென்றால் சட்டப்படி அடுக்குமாடியாகவே கட்டிய வீட்டை வாங்குங்கள். பக்கத்து ஊர்களில் மொஹாலி பஞ்சாபில், பஞ்ச்குலா ஹரியானாவில். அங்கே சட்டம் வேறு, இங்கே வந்து அதைப் பேசாதீர்கள். பொதுச்சுவரைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட உருவாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பதற வேண்டாம். பத்திரத்தில் உள்ள பங்கு உங்களுடையதுதான். மேற்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாமல் சொத்து வழக்கறிஞரைப் பாருங்கள். ஓய்வூதியப் பணத்தை முழுவதும் போடப்போகிறவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் ஒதுக்கி வரைபடத்தை யாரிடமாவது காட்டுங்கள். நான் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

மாஸ்டர்ஜிக்கு நான் வரைபடம் போட்டுத் தரவில்லை. வழக்கறிஞரின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் மனைவி வாசலில் நின்று, "அடுப்பை எடுத்துவிட வேண்டியதுதானா, பேட்டா?" என்று கேட்டார்.