டிபிஐ எண்ணை மாற்றினால் படம் தெளிவாகாது

பலர் கூடித் தைத்த ஒட்டுத்துணித் திரை மறுபடியும் ஒன்று பழுதுபார்க்க வந்திருக்கிறது. கைத்தையலில் ஒரு குறையும் இல்லை. நடுவே அச்சான முகங்கள்தான் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன. பிரித்துத்தான் ஆக வேண்டும். அத்தனை பேருடைய உழைப்பும் அதோடு போகும்.

கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: "300 டிபிஐ ஆக்கிட்டோமே!" தயவுசெய்து கேளுங்கள். டிபிஐ என்பது அச்சில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் எண். அந்த எண்ணை மட்டும் மாற்றுவதால் படத்தில் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. பார்க்க வேண்டியது பிக்சல் கணக்கை, அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை. துணிக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் போதும். படம் 1,600 பிக்சல் அகலமா? 150-ஆல் வகுத்தால் பத்தரை அங்குலம் சொச்சம். அவ்வளவுதான் அதன் அளவு. 30 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 53 பிக்சல்தான் மிஞ்சும். மென்பொருளில் 4,800 பிக்சலாகப் பெருக்கினாலும், இடைவெளியை அது ஊகித்து நிரப்புகிறதே தவிர, படத்தில் இல்லாத கண்ணிமை வந்துவிடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4 அங்குலப் பழைய புகைப்படத்தை 24 அங்குலமாக்க வேண்டுமானால் 900 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள்.

திரையில் பார்த்த நிறத்தை நம்பி நூல் வாங்காதீர்கள். அதே துணியில் ஒரு சாண் மாதிரி அச்சிட்டு, அலசி, காய்ந்தபின் நூலை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

ரியாக்டிவ் மை (பருத்தி போன்ற இழையோடு வேதிவினையால் பிணையும் சாய மை) கொண்டு அச்சிடுவதற்கான துணியில் முன்பூச்சு இருக்கும். அச்சுக்கு முன் துவைத்தால் பூச்சு போய்விடும், நிறம் பிடிக்காது. அச்சு, நீராவி, அலசல் எல்லாம் முடிந்த பிறகே வெட்டுங்கள். அடித்துணி அப்படியல்ல, வெட்டும் முன்பே நனைத்துச் சுருக்கிவிடுங்கள்.

முடிவில் 30 செ.மீ. சதுரம் வேண்டுமென்றால் தைப்பவரிடம் 36 செ.மீ. துணி கொடுங்கள். பூத்தையல் துணியை உள்ளே இழுக்கும். தைத்து வந்தபின் 32-க்கு நறுக்கினால் நான்கு பக்கமும் இணைத்துத் தைக்க 1 செ.மீ. பிடி கிடைக்கும். முதலிலேயே 32 கொடுத்துவிட்டுத் தைத்தவரைக் குறை சொல்வது அநியாயம்.

துணியில் கோடு போட, சூட்டில் மறையும் பேனா வேண்டவே வேண்டாம். கடுங்குளிரில் கோடு திரும்பி வரும். தண்ணீரில் போகும் பேனா என்றால், முழுக்க அலசிய பிறகே இஸ்திரி. சிவப்பு, கருநீல நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் இறங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

படம் தருபவரிடம் மூலக் கோப்பைக் கேட்கும்போதே அச்சிடும் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். குழந்தை வரைந்ததானால் பெற்றோரிடம்.